பெரியப்பாவின் டிரங்குப் பெட்டியும் இருபது சதவீதமும்

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை மாணவன்)

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டதும் ‘சி.என்.சி. இயந்திரங்களின் எதிர்காலம்’ என்று எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். போன வருட மலரைப் புரட்டினால் அதே தலைப்பில் ரெண்டு கட்டுரை. அதற்கு முந்தின வருடமும் வந்ததாக ஒரு சீனியர் சொன்னார். விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக நான் ஒரு வருடம் அலைந்து தெரிந்துகொண்ட விஷயத்தை எழுதுகிறேன். ராணுவத்தில் உடம்போ மனசோ கெட்டுப்போய் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு ‘டிசபிலிட்டி பென்ஷன்’ என்று ஒன்று உண்டு. அதைக் கேட்டு, இல்லை என்று சொல்லிவிட்டால், மேல்முறையீடு செய்வது எப்படி என்பதே இந்தக் கட்டுரை.

இது நமக்கு எதற்கு என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். அக்னிவீர் ஆள்சேர்ப்புக்காகக் காலை ஐந்து மணிக்கு எழுந்து ஓடுகிறவர்கள் என் வகுப்பிலேயே நாலு பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிப் படிக்க வந்தவன் நான்தான். அப்பா கொத்தனார். அம்மா நடவு, களை எடுப்பு என்று கூலிக்குப் போவார். அதனால் வீட்டுக்கு வருகிற இங்கிலீஷ் காகிதம் எதுவானாலும் என் கைக்குத்தான் வரும். தெருவில் மற்றவர்களும் கொண்டுவந்து நீட்டுவார்கள். எனக்குப் பாதி புரியும், பாதி புரியாது. புரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்வேன்.

என் அப்பாவுக்கு அண்ணன், அதாவது என் பெரியப்பா, 1996-ல் பத்தாவது முடித்த கையோடு ராணுவத்தில் சிப்பாயாகச் சேர்ந்தவர். 2005-ல் திரும்பி வந்துவிட்டார். ஒன்பது வருட சர்வீஸ். இப்போது ஒரகடம் ரோட்டில் ஒரு குடோனில் நைட் வாட்ச்மேன். “எனக்கு ராத்திரியில தூக்கம் வராது. அதுக்குப் போயி சம்பளம் குடுக்கறாங்க பாரு” என்று அவரே சொல்லிச் சிரிப்பார். நம்ம பக்கத்துக் கல்குவாரியில் வேட்டு வைக்கிற நேரம் அவருக்கு நிமிஷக் கணக்காகத் தெரியும். அதற்குப் பத்து நிமிஷம் முன்பே எழுந்து போய் மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்துவிடுவார். சத்தம் அடங்கி, மாடு அசை போட ஆரம்பித்த பிறகுதான் வெளியே வருவார். சின்ன வயதில் எனக்கு இது ஒரு விளையாட்டாகத் தெரிந்தது. ஊரில் சிலர் அவரை எப்படிக் கூப்பிடுவார்கள் என்பதை எழுத எனக்கு விருப்பமில்லை.

போன வருடம் ஸ்காலர்ஷிப்புக்காகத் தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு பழைய சான்றிதழைத் தேடினேன். அடியில், வேட்டிக்குள் சுற்றி, ஒரு பழுப்புக் கவர். உள்ளே மெடிக்கல் போர்டு காகிதத்தின் நகலும் 2006-ல் வந்த ஒரு கடிதமும் இருந்தன. டிக்ஷனரியை வைத்துக்கொண்டு ரெண்டு ராத்திரி படித்தேன். மனச்சோர்வு நோய் 40 சதவீதம், முதுகுத்தண்டு 20 சதவீதம், ரெண்டும் சேர்த்து 50 சதவீதம். சரி, பாதி இயலாமை என்று அவர்களே ஒத்துக்கொள்கிறார்கள். ஆனால் கீழே ஒரு வரி: இந்த நோய்கள் ராணுவ சேவையால் வந்தவையும் அல்ல, சேவையால் கூடியவையும் அல்ல, ‘கான்ஸ்டிட்யூஷனல்’. எனக்குத் தெரிந்த கான்ஸ்டிட்யூஷன் டாக்டர் அம்பேத்கர் எழுதியதுதான்! அரசியலமைப்புச் சட்டத்துக்கும் பெரியப்பா முதுகுக்கும் என்ன சம்பந்தம் என்று குழம்பிப் போனேன். பிறகுதான் தெரிந்தது: ‘உங்கள் உடம்பின் அமைப்பிலேயே இருந்த கோளாறு, எங்களால் வந்ததல்ல’ என்பதற்கு அந்த ஒரே வார்த்தை.

அந்த வார்த்தையின் விலை என்ன தெரியுமா? பத்து வருடம் முடியாமல் அனுப்பப்பட்டதால் வேறு பென்ஷனும் கிடையாது. கையில் கொடுத்தது கிராச்சுவிட்டி மட்டும். அது தாத்தாவின் கடனோடு போயிற்று.

கடிதத்தின் கடைசிப் பத்தியில் ஆறு மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று இருந்தது. ஏன் யாரும் செய்யவில்லை? பாட்டியிடம் கேட்டேன். முதலில் பேசவில்லை. அப்புறம் சொன்னார். அந்த வருடம் அத்தைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்களாம். மனு போட்டால் அதில் மனநோய் என்று எழுத வேண்டும், நாலு ஆபீசுக்குப் போக வேண்டும், விசாரணை என்று யாராவது ஊருக்குள் வருவார்கள். ‘பைத்தியக்காரன் தங்கச்சி’ என்று பெயர் வந்தால் அந்தச் சம்பந்தம் என்ன ஆகும்? தாத்தா கடிதத்தை மடித்துப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிட்டார். அத்தைக்கு நல்ல இடத்தில் கல்யாணம் நடந்தது. அத்தைக்கு இன்றுவரை இந்தக் கணக்கு தெரியாது. தாத்தா செய்தது தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். காஞ்சிபுரத்தில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது, மற்ற பல மாவட்டங்களிலும் உண்டு. அங்கே வந்திருந்த ஓய்வு பெற்ற சுபேதார் ஒருவர் என்னை வராந்தாவில் உட்கார வைத்து முக்கால் மணி நேரம் பாடம் நடத்தினார். “தம்பி, இதுல ரெண்டு பூட்டு இருக்கு. ஒண்ணு காரணம், ஒண்ணு சதவீதம். ரெண்டும் திறந்தாத்தான் கதவு” என்றார்.

1961-ம் வருடத்து ராணுவ ஓய்வூதிய விதிகளில் 173-வது விதி இதைத்தான் சொல்கிறது. சேவையால் வந்த, அல்லது சேவையால் கூடிய இயலாமையால் ஒருவர் வெளியே அனுப்பப்பட வேண்டும், அது 20 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். பெரியப்பாவுக்குச் சதவீதப் பூட்டு திறந்தே இருந்தது. மாட்டிக்கொண்டது காரணப் பூட்டில்.

காரணத்தை யார் நிரூபிப்பது? இங்கேதான் எனக்கு முதல் ஆச்சரியம். நாம்தான் நிரூபிக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். 1982-ம் வருடத்து உரிமை விதிகள் வேறு மாதிரி இருக்கின்றன. சேரும்போது ஒரு நோயும் குறிக்கப்படவில்லை என்றால், உடம்பும் மனசும் நன்றாக இருந்ததாகவே கொள்ள வேண்டும். பிறகு மருத்துவக் காரணத்தால் அனுப்பப்பட்டால், அந்தக் கெடுதல் சேவையால் வந்தது என்று கொள்ள வேண்டும். இந்த உரிமையை நிரூபி என்று சிப்பாயைக் கேட்கக் கூடாது, நியாயமான சந்தேகம் இருந்தால் அதன் பலன் அவருக்கே. ‘இது சேரும்போதே ஒளிந்திருந்த நோய், பரிசோதனையில் தெரிந்திருக்காது’ என்று டாக்டர்கள் சொல்லலாம். ஆனால் சொன்னால் அதற்குக் காரணம் எழுத வேண்டும். வெறுமனே ‘கான்ஸ்டிட்யூஷனல்’ என்று ஒரு வார்த்தையை எழுதிவிட்டுப் பேனாவை மூட முடியாது.

நம் பாஷையில் சொல்கிறேன். ஒரு கம்பெனி ஷாஃப்ட் வாங்குகிறது. இன்கமிங் இன்ஸ்பெக்ஷனில் பார்த்து, அளந்து, பாஸ் சீல் குத்தி மெஷினில் மாட்டுகிறது. ஒன்பது வருடம் ஓட்டிய பிறகு விரிசல். ‘இது வரும்போதே மோசமான இரும்பு’ என்று கம்பெனி சொல்லலாம். சொன்னால் டெஸ்ட் ரிப்போர்ட்டைக் காட்ட வேண்டியது கம்பெனியா, ஷாஃப்ட்டா?

ராணுவத்தில் இந்த இன்ஸ்பெக்ஷன் சீலுக்கு ‘ஷேப்’ என்று பெயர். ஐந்து எழுத்து. எச் என்றால் காது, ஏ என்றால் கை கால், பி என்றால் உடல் திறன், இ என்றால் கண். முதலில் நிற்கும் எஸ் எதற்குத் தெரியுமா? மனசுக்கு! மனசையும் ஒரு எழுத்தாக, அதுவும் முதல் எழுத்தாக வைத்துத்தான் ஆளைத் தரம் பிரிக்கிறார்கள். எல்லாம் சரியாக இருந்தால் ‘ஷேப் ஒன்’. பெரியப்பா 1996-ல் தேறித்தான் உள்ளே போனார். சேரும்போது நடந்த பரிசோதனைத் தாள் எங்களிடம் இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்து எழுதிக் கேட்டேன். நகல் வந்தது. முந்தைய நோய்கள் என்ற கட்டத்தில் ஒரு கோடு மட்டும் இழுத்திருந்தார்கள். அந்தக் கோட்டைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

இதெல்லாம் விதிப் புத்தகத்தில் இருந்தும் நடைமுறையில் பலருக்கும் ‘இல்லை’ என்றே கடிதம் போய்க்கொண்டிருந்தது. அதை மாற்றிய வழக்கு தரம்வீர் சிங் வழக்கு. அவர் 1985-ல் சிக்னல்ஸ் பிரிவில் சிப்பாயாகச் சேர்ந்தவர். வலிப்பு நோய் என்று 20 சதவீதம் போட்டு 1994-ல் அனுப்பிவிட்டார்கள். அவருக்கும் ஒன்பது வருடம்தான். அவருக்கும் அதே ‘கான்ஸ்டிட்யூஷனல்’ வார்த்தைதான். இமாச்சலப் பிரதேச உயர் நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி முன் ஜெயித்து, மேல் அமர்வில் தோற்று, கடைசியில் 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார். சேரும்போது நோய் என்று ஒரு குறிப்பும் இல்லை, பிறகு வந்ததற்கு போர்டு காரணம் எழுதவில்லை, ஆகவே சேவையால் வந்ததாகவே கொள்ள வேண்டும் என்றது நீதிமன்றம். இன்றைக்கும் இந்த மாதிரி மனு எதை எடுத்தாலும் தரம்வீர் சிங் பெயர் இருக்கும். 2015-ல் ராஜ்பீர் சிங் வழக்கில் இதையே மறுபடி உறுதி செய்தார்கள்.

மனநோய்க்கும் இது பொருந்துமா என்று பெரியம்மா கேட்டார். பொருந்தும். 1982 விதிகளோடு இணைந்த பட்டியலில், மன அழுத்தத்தாலும் கடுமையான வேலைச் சுமையாலும் பாதிக்கப்படும் நோய்கள் என்ற தலைப்பில் மனநோய்கள் இருக்கின்றன. வீர்பால் சிங் என்பவர் எழுபதுகளில் ராணுவத்தில் இருந்தவர். ஸ்கிசோஃப்ரீனியா என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். மனநல மருத்துவர் சொன்னதை மெடிக்கல் போர்டு அப்படியே வாங்கிக் கையெழுத்துப் போட்டிருக்கிறது, ஏன் அந்த முடிவு என்று எங்கும் இல்லை என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி, மறுபடியும் ஒரு போர்டு வைத்துப் பார்க்க உத்தரவிட்டது. 2025 மே மாதம் ராஜுமோன் வழக்கிலும் இதே நோய், இதே குறை. காரணம் எழுதாத போர்டு முடிவை வைத்துப் பென்ஷனை மறுக்க முடியாது என்று தீர்ப்பு வந்தது. நான் திரும்பத் திரும்பப் பார்த்ததில் எல்லா வழக்கும் ஒரே இடத்தில்தான் திரும்புகிறது. வியாதி எவ்வளவு பெரியது என்பதில் அல்ல, டாக்டர்கள் ‘ஏன்’ என்று எழுதினார்களா இல்லையா என்பதில்.

இனி சதவீதப் பூட்டு. வெர்னியர் காலிப்பரில் நாம் 0.02 மில்லிமீட்டர் வரை பார்க்கிறோம். மனசுக்கு என்ன லீஸ்ட் கவுன்ட்? ஒரு டாக்டர் 30 என்பார், இன்னொருவர் 40 என்பார். ஒரே மனிதன்தான். இந்தக் குழப்பத்தால்தான் ஐந்தாவது சம்பளக் கமிஷனுக்குப் பிறகு, 1996-லிருந்து கணக்கிட்டு, ‘பிராட் பேண்டிங்’ என்ற முறை வந்தது. அதாவது ரவுண்ட் பண்ணுவது. 50-க்குக் கீழே இருந்தால் 50. 50 முதல் 75 வரை என்றால் 75. 76-க்கு மேல் என்றால் 100. முதலில் இது நோயால் பாதியில் அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும் என்று வைத்திருந்தார்கள். முழு சர்வீஸ் முடித்து இயலாமையோடு ஓய்வு பெறுகிறவர்களுக்கும் உண்டு என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்தக் கணக்கில் பெரியப்பாவின் 50 என்பது 75 ஆகும். அதே 2014-ல் சுக்விந்தர் சிங் வழக்கில் இன்னொரு நியாயமான கேள்வி வந்தது. ‘நீ வேலைக்கு லாயக்கில்லை’ என்று வெளியே அனுப்பிவிட்டு, ‘ஆனா உன் இயலாமை இருபதுக்குக் குறைவு’ என்று எப்படிச் சொல்ல முடியும்? சொல்ல முடியாது என்றது நீதிமன்றம். வெளியே அனுப்பினாலே 20-க்கு மேல் என்றுதான் கொள்ள வேண்டும்.

பணக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பென்ஷனில் ரெண்டு பாகம்: சர்வீஸ் பாகம், இயலாமைப் பாகம். நூறு சதவீத இயலாமைக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம், 50 என்றால் அதில் பாதி. சதவீதத்துக்காகச் சண்டை போடுவது எதற்கு என்று இதிலிருந்து தெரியும்.

40-ம் 20-ம் சேர்ந்தால் 60 தானே, ஏன் 50 போட்டார்கள்? இதையும் சுபேதாரிடம் கேட்டேன். நேராகக் கூட்டக் கூடாது, ஒரு நோயின் பாதிப்பு இன்னொன்றோடு மேலே மேலே படிந்திருக்கும், மொத்தமாகப் பார்த்துப் போடுவார்கள் என்றார். அமெரிக்காவில் இதற்கு ஒரு கணக்கே வைத்திருக்கிறார்கள். ஒருவருக்கு 50, 30 என்று ரெண்டு இயலாமை. முதலில் 50 போய்விட்டது, மீதி இருப்பது 50 மனிதன். அந்த 50-ல் 30 சதவீதம் 15. மொத்தம் 65. அதைப் பத்தாக ரவுண்ட் செய்து 70. முழு மனிதனில் எவ்வளவு மீதி என்று பார்க்கும் கணக்கு. எனக்கு இது பிடித்திருந்தது, ஆனால் படிக்கும்போது கொஞ்சம் பயமாகவும் இருந்தது. அங்கேயும் போர் முடிந்து வந்தவர்களின் மனக் காயத்துக்கு மருத்துவப் புத்தகத்தில் ஒரு தனிப் பெயர் கிடைக்க 1980 ஆயிற்று. அதற்கு முன் முதல் உலகப் போர்க் காலத்தில் ‘ஷெல் ஷாக்’ என்றார்கள், கோழை என்றும் சொன்னார்கள். நம் ஊரில் சொல்வதைத்தான் இங்கிலீஷில் சொல்லியிருக்கிறார்கள்.

எங்கே போவது? மறுப்புக் கடிதம் வந்தால் ஆறு மாதத்துக்குள் முதல் மேல்முறையீட்டுக் குழுவுக்கு எழுத வேண்டும். அங்கும் இல்லை என்றால் ரெண்டாவது மேல்முறையீட்டுக் குழு. அதற்கும் பிறகு ஆயுதப் படைத் தீர்ப்பாயம். 2007-ல் இதற்குச் சட்டம் வந்து, 2009-லிருந்து தீர்ப்பாயம் நடக்கிறது. டெல்லிக்கு ஓட வேண்டியதில்லை, சென்னையில் கிளை உண்டு. மேல்முறையீடு போட்டு ஆறு மாதமாகியும் பதிலே வராவிட்டால் காத்துக்கொண்டிருக்க வேண்டாம், தீர்ப்பாயத்துக்குப் போகலாம். வக்கீலுக்குப் பணம் இல்லாதவர்கள் இலவசச் சட்ட உதவி கேட்கலாம். 2025 ஜூலையில் தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் வீரர்கள் குடும்பங்களுக்கென்றே ஒரு திட்டம் தொடங்கி, முன்னாள் படைவீரர் நல அலுவலகங்களிலேயே சட்ட உதவி மையம் வைக்க ஏற்பாடு செய்தது.

இருபது வருடம் கழித்துப் போகலாமா என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தேகம். இதற்கும் ஒரு வழக்கு இருக்கிறது. தர்செம் சிங் என்பவர் 1983-ல் அனுப்பப்பட்டவர், 1999-ல்தான் நீதிமன்றம் போனார். பதினாறு வருடம். பென்ஷன் மாதா மாதம் வர வேண்டியது, ஒவ்வொரு மாதமும் தவறு தொடர்கிறது, அதனால் தாமதம் என்று கதவைச் சாத்த முடியாது என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் பழைய பாக்கியை மனு போட்டதற்கு முந்தைய மூன்று வருடத்துக்கு மட்டும் என்று நிறுத்திவிட்டது. அப்படிப் பார்த்தால் டிரங்குப் பெட்டிக்குள் போன பதினேழு வருடப் பணம் போனதுதான். இதைப் பாட்டியிடம் நான் சொல்லவில்லை.

மனு எழுதும் நேரத்தில் ஒருவர் வந்து யோசனை சொன்னார். இந்த மாதிரி மனுக்களை எழுதிக்கொடுத்துக் கமிஷன் வாங்குகிறவர். “மன விஷயத்தை விட்டுடு, முதுகுக்கு மட்டும் போடு. இருபது இருக்கே, அது போதும். குடும்பத்துக்கும் கௌரவம்” என்றார். பெரியம்மாவுக்கு அதுதான் சரி என்று பட்டது. எனக்கும் ஒரு நாள் முழுக்க அப்படித்தான் பட்டது. ஆனால் முதுகில் ஒரு சிக்கல். லடாக்கில் ஜெர்ரி கேன் தூக்கிக்கொண்டு ஏறும்போது வழுக்கி விழுந்ததில் வந்தது அது. அடி பட்டால் காய அறிக்கை என்று ஒரு படிவம் நிரப்ப வேண்டும். யாரும் நிரப்பவில்லை, இவரும் கேட்கவில்லை. மறுநாளே டியூட்டிக்குப் போய்விட்டார். ராணுவத்துக்குப் போக இருக்கும் நண்பர்கள் இதை மட்டுமாவது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: விழுந்தால், எழுந்ததும் முதல் வேலை அந்தப் படிவம். முதுகை மட்டும் நம்பிப் போனால் அதுவும் கவிழலாம். அதைவிட, நாற்பது போட்ட நோயை நாமே மறைத்தால் ‘அது ஒன்றுமில்லை’ என்று நாமே சொன்ன மாதிரி ஆகிவிடாதா?

முடிவு பெரியப்பாதான் சொன்னார். “ரெண்டையும் எழுது. முதுகு வலிக்குது, மாத்திரை போட்டா நிக்குது. இது நிக்கல.”

எழுத வேண்டுமென்றால் எங்கே, எப்போது, என்ன வேலை பார்த்தார் என்று எல்லாம் வேண்டும். வீட்டில் வைத்துச் சொல்ல மாட்டேன் என்றுவிட்டார். அதனால் மூன்று ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரெண்டு பேரும் சைக்கிளில் திருமுக்கூடல் போனோம். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுகிற இடம். தண்ணீர் இல்லை, மணல்தான். பெருமாள் கோவில் சுவரில் பதினோராம் நூற்றாண்டு வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. இங்கே நடந்த ஆதுலர் சாலையைப் பற்றியது. பதினைந்து படுக்கை, வைத்தியருக்கு எவ்வளவு நெல், என்னென்ன மருந்து இருப்பு என்று எல்லாம் வெட்டி வைத்திருக்கிறார்கள். நம் வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்டிலிருந்து கொஞ்ச தூரம்தான், பார்க்காதவர்கள் போய்ப் பாருங்கள். ஆயிரம் வருடம் கழித்தும் மருந்தின் கணக்கு இருக்கிறது. இருபது வருடத்துக்கு முன் விழுந்த பெரியப்பாவுக்கு ஒரு படிவம் இல்லை.

முதல் ஞாயிறு அவர் பேசியது எல்லாம் சாப்பாட்டைப் பற்றி. ரெண்டாவது ஞாயிறுதான் வந்தது. காஷ்மீரில் குப்வாரா பக்கம் ரெண்டரை வருடம் இருந்திருக்கிறார். கான்வாய் போகும் முன்பு ரோட்டை ‘திறக்க’ வேண்டும். அதாவது தினமும் விடியற்காலையில், ரோட்டில் குண்டு புதைத்திருக்கிறதா என்று நடந்தே பார்த்துக்கொண்டு போவது. கல் இடம் மாறியிருக்கா, மண் புதுசா இருக்கா, ஒயர் தெரியுதா.

“அப்போ ஏதாவது வெடிச்சுதா பெரியப்பா?”

“என் காலடியில ஒரு நாளும் ஒண்ணும் வெடிக்கல தம்பி. அதான். சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. போர்டுலயும் இத்தத்தான் கேட்டாங்க, என்னா நடந்துச்சுன்னு. ஒண்ணும் நடக்கலன்னேன்.”

நண்பர்களே, ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பாடத்தில் ‘ஃபெட்டீக்’ என்று ஐந்து மார்க் கேள்வி வரும். ஒரு தடவை ஏற்றினால் ஒன்றும் செய்யாத சுமை, திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கினால் உலோகத்தில் விரிசலை உண்டாக்கும். அந்தச் சுமை உடைக்கும் சுமையைவிட மிகவும் குறைவாகவே இருக்கும். செமஸ்டருக்கு மனப்பாடம் செய்து எழுதியவன்தான் நான். அது என்னவென்று மணலில் உட்கார்ந்திருந்த அன்றுதான் தெரிந்தது. மனுவில் அதை நான் ஃபெட்டீக் என்று எழுதவில்லை. சுபேதார் சொன்னபடி, எத்தனை மாதம், எந்த இடம், தினமும் என்ன டியூட்டி, எப்போதிலிருந்து தூக்கம் போயிற்று, 2003-ல் முதன்முதலில் எந்தத் தேதியில் ஆஸ்பத்திரியில் காட்டினார் என்று மட்டும் எழுதினேன். அடைமொழி எதுவும் வேண்டாம், தேதி போதும் என்றார் அவர். நல்ல யோசனை.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். உண்மையில் ஒன்றுமில்லாதவர்களும் ஓய்வு பெறும் நேரத்தில் சர்க்கரை, பிரஷர் என்று காட்டிச் சதவீதம் வாங்கிக்கொள்கிறார்கள் என்ற பேச்சு இருக்கிறது. 2023-ல் சி.ஏ.ஜி. அறிக்கையும் இந்த பென்ஷன் வாங்குகிறவர்களின் எண்ணிக்கையைப் பற்றிக் கேள்வி எழுப்பியது. அதே வருடம் செப்டம்பரில் புது உரிமை விதிகள் வந்தன. அதற்கு முன் 2008-லேயே ஒரு தடவை விதிகளை மாற்றி, சர்வீஸில் இருக்கும்போது நோய் வந்தது என்பதாலேயே அது சர்வீஸால் வந்ததாகாது என்று கடுமையாக்கியிருந்தார்கள். அதனால் முதலில் பார்க்க வேண்டியது வெளியே வந்த தேதி. பெரியப்பா 2005, அவருக்கு 1982 விதிதான். பொய் சொல்லி வாங்குகிறவன் இருக்கலாம். அவனைப் பிடிக்கவும் போர்டு காரணத்தை ஒழுங்காக எழுதினால் போதுமே என்பது என் அபிப்பிராயம்.

ஓடிக்கொண்டிருக்கும் என் வகுப்பு நண்பர்களுக்கு: 2022-ல் அறிவித்த அக்னிவீர் திட்டத்தில் இந்தப் பென்ஷன் கிடையாது. இயலாமை வந்தால் ஒரே தடவையில் ஒரு தொகை. 50 சதவீதத்துக்கு 15 லட்சம், 75-க்கு 25 லட்சம், 100-க்கு 44 லட்சம் என்று அறிவித்தார்கள். ஆனால் அங்கேயும் அதே ரெண்டு பூட்டுதான். சேவையால் வந்ததா, கூடியதா? எத்தனை சதவீதம்? போகும்போது மருத்துவத் தாள் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். பெட்டிக்குள் பூட்ட வேண்டாம்.

எங்கள் மனு தை மாதம் ஸ்பீடு போஸ்டில் போனது. தாமதத்துக்குக் காரணம் என்ற இடத்தில் ‘குடும்பச் சூழ்நிலை’ என்று எழுதினேன். அத்தை கல்யாணம் என்று எழுதப் பாட்டி விடவில்லை. கையெழுத்துப் போடும் முன் பெரியப்பா இங்கிலீஷில் இருந்த நாலு பக்கத்தையும் தமிழில் படித்துச் சொல்லச் சொன்னார். படித்தேன். ரோடு திறக்கிற இடம் வந்ததும், “ரெண்டரை வருஷம்னா போட்ட? ரெண்டு வருஷம் ஏழு மாசம்” என்று திருத்தினார். அந்தப் பக்கத்தை மட்டும் மறுபடி டைப் செய்து கொண்டுவந்தோம். இன்னும் பதில் வரவில்லை. ஆடியோடு ஆறு மாதம் முடிகிறது. தீர்ப்பாயத்துக்கு வேண்டிய காகிதங்களை மூன்று செட் ஜெராக்ஸ் போட்டு, மெக்கானிக்கல் டிராயிங் ஃபைலில் வைத்திருக்கிறேன்.